காஃப்காவும் கொட்டப்பட்டும்

1

தமிழ்ச் சிறுபத்திரிகை வட்டத்தில் காஃப்காவின் பெயர் அடிபடாத மாதம் கிடையாது. கவிதைத் தொகுதிக்கு முன்னுரை எழுதுகிறவர் 'காஃப்காத்தனமான' என்று ஒரு அடைமொழியைப் போட்டுவிட்டால் தொகுதிக்கு ஒரு கனம் ஏறிவிடுகிறது. 'விசாரணை' நாவல் ஜெர்மனிலிருந்து நேராகவே தமிழுக்கு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் படித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும் பெருமைகூட இனி யாருக்கும் மிச்சமில்லை. அந்த நாவலில் டிட்டொரெல்லி என்று ஒரு ஓவியன் வருகிறான். நீதிபதிகளின் படங்களை வரைந்து பிழைக்கிறவன். விடுதலை மூன்று வகை என்று யோசெப் கே.யிடம் சொல்கிறான். முதலாவது உண்மையான விடுதலை. அது யாருக்கும் கிடைத்து அவன் பார்த்ததில்லை. இரண்டாவது தோற்ற விடுதலை. விடுவிக்கப்பட்டவன் வீடு போய்ச் சேரும்போதே அவனை மறுபடி கைது செய்ய ஆள் வந்து காத்திருக்கலாம். மூன்றாவது, எந்த முடிவும் வராமல் வழக்கை இழுத்துக்கொண்டே போவது.

இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு ஐரோப்பிய மனிதனின் அந்நியமாதலைப் பற்றி நம் நண்பர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். நல்லது. ஆனால் 2022 நவம்பர் 11ஆம் தேதி ராஜீவ் காந்தி கொலை வழக்கில் எஞ்சியிருந்த ஆறு பேரைச் சுப்ரீம் கோர்ட் விடுதலை செய்தது. அவர்களில் நால்வர், முருகன், சாந்தன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார், இலங்கைக் குடிகள். மறுநாள் வேலூரிலும் புழலிலும் சிறைக் கதவைத் தாண்டிய கையோடு அவர்கள் போலீஸ் வண்டியில் ஏற்றப்பட்டு, திருச்சி கொட்டப்பட்டில் மத்திய சிறை வளாகத்துக்குள் இருக்கும் சிறப்பு முகாமுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சிறையிலிருந்து விடுதலையாகி ஒரு சிறை வளாகத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். டிட்டொரெல்லி சொன்ன இரண்டாவது வகை இது. இதைப் பார்க்கப் ப்ராக் நகரம் வரை போக வேண்டாம். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். நம் வட்டத்தில் யாரும் அந்த பஸ்ஸைப் பிடித்ததாகத் தெரியவில்லை.

2

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். குற்றவாளியா நிரபராதியா என்பது என் விஷயமல்ல. அது கோர்ட்டின் வேலை. தண்டனை முடிகிற நேரத்தில் நடக்கிற இன்னொரு காரியத்தைப் பற்றியே இங்கு பேசுகிறேன். இவனை இனி வெளியே விடலாமா என்று யாரோ முடிவு செய்கிறார்கள். யார், எதை வாசித்து, எந்த பாஷையில் முடிவு செய்கிறார்கள்? இது வாசிப்பு பற்றிய பிரச்னை. ஆகவே இலக்கிய விமர்சகனுக்குப் புறம்பானதல்ல.

நடைமுறை இதுதான். ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்க என்று 1961இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற கோபால் கோட்சே தொடுத்த வழக்கில் சொன்னது. (1964இல் அரசாங்கம் அவரை விடுதலை செய்தது, சில வாரங்களில் வேறு சட்டத்தின்கீழ்ப் பிடித்து மறுபடி உள்ளே வைத்தது. தோற்ற விடுதலைக்கு நம் நாட்டில் பாரம்பரியம் உண்டு.) 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மரண தண்டனைக்குரிய குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவன் குறைந்தது 14 ஆண்டு உள்ளே இருந்தாக வேண்டும் என்றது அது. 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் அதுவே 475ஆம் பிரிவு. எண் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு மேலே கவர்னருக்கு அரசியல் சட்டத்தின் 161ஆவது பிரிவு தரும் அதிகாரம் தனி. அதை 14 ஆண்டு நிபந்தனை கட்டுப்படுத்தாது, ஆனால் மந்திரிசபையின் ஆலோசனைப்படிதான் அதைச் செலுத்த வேண்டும் என்று 1980இல் மாரு ராம் வழக்கில் கோர்ட் தீர்த்தது.

தண்டனைக் காலம் குறிப்பிட்ட அளவு கழிந்த கைதியின் கோப்பு அறிவுரைக் குழுமத்தின் முன்னால் வருகிறது. சிறை நிர்வாகம் நடத்தை அறிக்கை தருகிறது. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்குப் போய் விசாரித்து ஒன்று எழுதுகிறார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒன்று வருகிறது. குழுமம் பரிந்துரைக்கிறது, அரசு ஏற்கிறது அல்லது தள்ளுகிறது. இத்தனை பேர் எழுதிய தாள்களின் நடுவே, எவனைப் பற்றி எழுதினார்களோ அவன் ஒரு எண்ணாக உட்கார்ந்திருக்கிறான்.

இப்போது அந்த எழுத்தைப் படிப்போம்.

3

முதல் பிரதி. நளினியின் முன்விடுதலை மனுவை ஒரு குழுமம் 2007இல் மறுத்தது. அந்தக் குழுமம் விதிப்படி அமைக்கப்படவே இல்லை என்று 2008இல் சென்னை ஹைகோர்ட் அந்த முடிவை ரத்து செய்தது. மறுபடி ஒரு குழுமம் கூடிற்று. 2010 மார்ச்சில் அரசு மறுபடியும் மறுத்தது. மறுப்புக்கு அடிப்படையானவற்றில் ராயப்பேட்டைப் போலீஸ் இன்ஸ்பெக்டரின் அறிக்கையும் ஒன்று. நளினி தாயோடு வந்து தங்குவதாகச் சொன்ன வீடு அந்தப் பகுதியில் இருந்தது. அங்கே முக்கியப் பிரமுகர்கள் குடியிருக்கிறார்கள், பக்கத்தில் அமெரிக்கத் தூதரகம் இருக்கிறது, ஆகவே சட்டம் ஒழுங்குக்குப் பங்கம் வரும் என்றார் இன்ஸ்பெக்டர்.

இதை ஒரு சிறுகதை விமர்சகனாக வாசியுங்கள். கேள்வி, இந்தப் பெண் பத்தொன்பது ஆண்டில் என்னவாக ஆகியிருக்கிறாள் என்பது. பதிலோ, தெருவின் அமைப்பைச் சொல்கிறது. பாத்திரத்தைப் பற்றிக் கேட்டால் பின்புலத்தை வர்ணிக்கிறார்கள். தாய்க்கு வீடு வேறு பேட்டையில் இருந்திருந்தால் மகள் திருந்தியவளாகிவிடுவாளா? ஒரு புதுக் கவிஞன் இப்படி ஒரு தர்க்கத்தை எழுதினால் நாம் கிழித்துப் போடுவோம். அரசாங்கம் எழுதினால் அது ஆவணம்.

இரண்டாவது பிரதி, ஒரு வாக்கியம் இல்லாததால் ஆனது. பேரறிவாளன் 1991 ஜூன் 11ஆம் தேதி, பத்தொன்பது வயதில் கைதானவர். இரண்டு பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டில் மையமானது. அவருடைய வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், ஓய்வு பெற்ற பிறகு 2013இல் ஒரு ஆவணப்படத்தில் பேசினார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்றும் பேரறிவாளன் சொன்னார், அதைத் தான் வாக்குமூலத்தில் எழுதவில்லை என்றார். பிறகு அதையே பிரமாணப் பத்திரமாகவும் கோர்ட்டில் கொடுத்தார்.

பிரதியில் ஒரு சொல் மாறினால் அர்த்தம் மாறும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் நாம். இங்கே ஒரு வாக்கியம் விட்டுப்போனது, தூக்குத் தண்டனை ஆயிற்று. 1999இல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்த நான்கு தூக்குகளில் அது ஒன்று. 2011 செப்டம்பர் 9 என்று நாள்கூடக் குறித்தார்கள், ஹைகோர்ட் நிறுத்திவைத்தது. கருணை மனுக்கள் பதினோரு ஆண்டு கிடந்த தாமதத்துக்காக 2014 பிப்ரவரி 18இல் பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவருக்கும் தூக்கு ஆயுளாயிற்று. பிரதியியல் பற்றி இதைவிடக் கடுமையான பாடத்தை எந்தப் பிரெஞ்சுக்காரரும் நமக்கு நடத்தப் போவதில்லை.

மூன்றாவது பிரதி, மௌனம். 2018 செப்டம்பர் 9ஆம் தேதி தமிழக மந்திரிசபை ஏழு பேரையும் விடுவிக்கலாம் என்று 161ஆவது பிரிவின்கீழ்க் கவர்னருக்குப் பரிந்துரைத்தது. கவர்னர் பன்வாரிலால் புரோகித் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. 2021 ஜனவரியில், இரண்டே கால் ஆண்டு கழித்து, முடிவு செய்ய வேண்டியவர் ஜனாதிபதி என்று கோப்பை டில்லிக்கு அனுப்பினார். அப்படி அனுப்ப அரசியல் சட்டத்தில் இடமே இல்லை என்று 2022 மே 18இல் சுப்ரீம் கோர்ட் சொல்லி, தன் விசேஷ அதிகாரத்தைக் கொண்டு பேரறிவாளனைத் தானே விடுவித்தது. டிட்டொரெல்லியின் மூன்றாவது வகைக்கு ராஜ்பவன் ஒரு செம்பதிப்பு வெளியிட்டிருக்கிறது. அந்தப் பதிப்பு அத்தோடு நின்றுவிடவுமில்லை. நெடுங்காலமாக உள்ளே இருக்கும் முஸ்லிம் கைதிகள் 20 பேர் உட்பட 49 பேரின் கோப்புகள் 2023 ஆகஸ்டில் கவர்னருக்குப் போயின. கவர்னர் வேறு ஆள். கோப்பு போய்ச் சேர்ந்த இடம் அதேதான்.

அதே புரோகித், அதே 2018ஆம் ஆண்டு நவம்பரில், வேறு மூன்று பேரின் விடுதலைக்குக் கையெழுத்துப் போட்டார். 2000 பிப்ரவரி 2இல் தர்மபுரி அருகே பஸ்ஸுக்குத் தீ வைத்து வேளாண் கல்லூரி மாணவிகள் மூவரைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்ற ஆளுங்கட்சிக்காரர்கள் அவர்கள். முதலில் திருப்பி அனுப்பினார். மந்திரிசபை மறுபடி வற்புறுத்தியதும் ஒப்புக்கொண்டார். திட்டமிட்ட கொலை அல்ல, கும்பலின் ஆவேசம் என்று விளக்கமும் ராஜ்பவனிலிருந்து வந்தது. எனவே கோப்பைப் படிக்கவும், திருப்பி அனுப்பவும், மறுபரிசீலிக்கவும், காரணம் சொல்லவும் அந்த மாளிகைக்குத் தெரியும். எப்போது தெரியும் என்பதுதான் விஷயம்.

4

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார்: "அப்படியானால் எல்லோரையும் திறந்து விட்டுவிடலாம் என்கிறீர்களா?" இன்னொரு நண்பர், எதிர்ப்பக்கத்திலிருந்து: "எங்கள் ஆட்கள் வெளியே வந்தால் மனிதாபிமானம், அவர்கள் ஆட்கள் வந்தால் அநீதி, இதுதானே உங்கள் கட்சி?"

இரண்டாமவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதை நேராகச் சந்திக்க வேண்டும். மேலவளவை எடுத்துக்கொள்வோம். 1997 ஜூன் 30இல் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் அவருடன் வந்த தலித்துகளும் பஸ்ஸை மறித்துக் கொல்லப்பட்டார்கள். தண்டனை பெற்றவர்களில் மூவர் 2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டி வெளியே வந்தார்கள். 13 பேர் 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுச் சலுகையில் வந்தார்கள். கொல்லப்பட்டவர்கள் தரப்பு வக்கீல், விடுதலைக்கான அரசாணையின் நகலைப் பெறுவதற்கே ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவர்களை விட்டது எதற்காக என்பது செத்தவர்களின் உறவினருக்குத் தெரியாது. கோர்ட் அந்தப் பதின்மூவரையும் மதுரைப் பக்கம் போகாமல் வேலூரில் தங்கியிருக்கச் சொன்னது.

நளினிக்குச் சொன்ன காரணம் அபத்தம். மேலவளவுக்காரர்களுக்குக் காரணமே வெளிவரவில்லை. ஒன்றில் கைதி ஏமாற்றப்படுகிறான், மற்றதில் பாதிக்கப்பட்டவன். ஆனால் நோய் ஒன்றுதான்: ஒரு ஆளைத் தனியாக எடுத்து, அவன் செய்ததையும் இப்போது இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்து, தான் வாசித்ததை எழுத்தில் சொல்லுகிற பழக்கம் இந்த ஸ்தாபனங்களுக்கு இல்லை. அதனால்தான் யாரோ ஒரு தலைவரின் பிறந்த நாளைத் தேட வேண்டியிருக்கிறது. 2008 செப்டம்பர் 15இல் ஒரே வீச்சில் 1,405 ஆயுள் கைதிகள். ஏழு ஆண்டு முடித்தவன் என்பது தகுதி. சி.பி.ஐ. விசாரித்த வழக்கென்றால் தகுதி கிடையாது. மனிதன் மாறினானா என்பதற்கும் அவன் வழக்கை எந்தப் போலீஸ் விசாரித்தது என்பதற்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் ஊரில் வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்கும். வரிசையில் நிற்கிறவன் யாரானாலும் உள்ளே போகலாம். என்ன பாவம் செய்தாய், அதை எந்த இலாகா விசாரித்தது என்று ரங்கநாதர் கேட்பதில்லை. அது பக்தி, அதற்கு அந்தத் தர்க்கம் சரி. அரசாங்கம் இந்த வாசலை அப்படியே நகல் எடுத்து, கூடவே விலக்குப் பட்டியலையும் ஒட்டிவைத்துக்கொண்டு, அதற்கு நீதி என்று பெயர் சூட்டுகிறது. வெளியே வந்தவர்களில் பலர் வரத் தகுந்தவர்கள்தான், சந்தேகமில்லை. தகுதி இருந்ததால் வந்தார்கள் என்று சொல்ல மட்டும் வழியில்லாமல் போகிறது. அவர்களுக்கும் அது அவமதிப்பே.

இது தமிழ்நாட்டின் தனிச்சொத்தும் அல்ல. 2022 ஆகஸ்ட் 15இல் பில்கிஸ் பானு வழக்கின் பதினோரு பேரை குஜராத் அரசு விடுவித்தது. பரிந்துரைத்த சிறை ஆலோசனைக் குழுவில் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், வெளியே வந்தவர்கள் பிராமணர்கள், நல்ல சம்ஸ்காரம் உள்ளவர்கள் என்ற பொருளில் பேட்டியே கொடுத்தார். ஸ்ரீரங்கத்து அக்ரகாரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிற எனக்கு அந்த வாக்கியத்தின் எடை தெரியும். இன்ஸ்பெக்டர் பேட்டையைப் பார்த்து ஆளை அளந்தார்; எம்.எல்.ஏ. ஜாதியைப் பார்த்து அளந்தார். 2024 ஜனவரி 8இல் சுப்ரீம் கோர்ட் அந்த விடுதலையை ரத்து செய்து பதினோரு பேரையும் திரும்ப உள்ளே அனுப்பியது.

5

கொட்டப்பட்டுக்குத் திரும்புவோம்.

வீட்டுக் காவல் என்று ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1999 முதல் குறிப்பிட்ட சில கைதிகளைத் தண்டனை முடிவதற்கு முன்பே கணுக்காலில் ஒரு மின்னணுப் பட்டையைக் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரவில் வீட்டுக்குள் இருக்க வேண்டும். நம்மிடம் இதற்கு நிகராக இருப்பது பரோல். தமிழ்நாட்டு விதிகளில் அதற்கு விடுப்பு என்று பெயர். ஆபீஸில் போடும் லீவு மாதிரி. பேரறிவாளன் முதல் தடவை விடுப்பில் ஜோலார்பேட்டை வீட்டுக்கு வந்தது 2017 ஆகஸ்டில், கைதாகி 26 ஆண்டு கழித்து. சுற்றிப் போலீஸ் காவல். பத்திரிகைக்காரர்களிடம் பேசக் கூடாது. இருந்தாலும் அது அவர் வீடு. அம்மா சமைத்ததைச் சாப்பிட்டிருப்பார்.

திருச்சி முகாம் வீடுமல்ல, சட்டப்படி சிறையுமல்ல. 1946ஆம் ஆண்டு அயல்நாட்டினர் சட்டத்தின்கீழ், ஒரு அயல்நாட்டான் குறிப்பிட்ட இடத்தில் வசிக்க வேண்டும் என்று அரசு உத்தரவிடலாம். (2025இல் அதற்குப் பதில் புதுச் சட்டம் வந்துவிட்டது.) சட்டத்தின் வினைச்சொல் 'வசித்தல்'. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பதற்கு இந்த பாஷையில் வசித்தல் என்று பெயர். 1990இல் வேலூர்க் கோட்டையில் ஆரம்பித்து, செங்கல்பட்டு, பூந்தமல்லி என்று இடம் மாறி, திருச்சியில் வந்து நிற்கிறது இந்தச் சொல். தண்டனைக்காவது முடிவு தேதி என்று ஒன்றைக் கேட்கலாம். வசித்தலுக்குத் தேதி கிடையாது. அறிவுரைக் குழுமம்கூடக் கிடையாது.

சாந்தன் அங்கே வசித்தார். தாயைப் பார்க்க யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும் என்று மனு மேல் மனு போட்டார். 2024 ஜனவரியில் ஈரல் கெட்டுத் திருச்சி அரசு ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து சென்னைக்கும் கொண்டுபோனார்கள். பிப்ரவரி கடைசியில் ஊர் திரும்ப அனுமதி வந்தது. வந்த சில நாளில், 28ஆம் தேதி, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் செத்துப்போனார். சுப்ரீம் கோர்ட் விடுதலை செய்து 474 நாள் ஆகியிருந்தது. உடல் ஊருக்குப் போயிற்று. மற்ற மூவரை ஏப்ரல் 3ஆம் தேதி கொழும்புக்கு விமானம் ஏற்றினார்கள். இறுதியில் கிடைத்த அந்த அனுமதியை நவம்பரிலேயே கொடுக்க எது தடையாக இருந்தது என்பதற்கு ஒரு வரி பதில் இல்லை.

6

நம்மவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சாரார், இதெல்லாம் அரசியல், இலக்கியத்துக்கு வெளியே என்கிறார்கள். தூய அனுபவம், மொழியின் உள்ளோட்டம் என்று பேசுகிற அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 'வசித்தல்' என்ற சொல்லுக்கு நேர்ந்தது மொழிக்கு நேர்ந்ததில்லையா? மறுசாரார், ஏழு பேரின் படங்களைத் தட்டியில் ஒட்டி ஊர்வலம் போனவர்கள். அந்த ஊர்வலங்களுக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்களும் அந்த உத்தரவுகளை வாசிக்கவில்லை. மேலவளவுக் கோப்பும் ராயப்பேட்டை அறிக்கையும் ஒரே கைக்காரியம் என்பது அதனால் அவர்கள் கண்ணில் படவில்லை. தட்டிக்கு முகம் போதும். விமர்சனத்துக்கு வாக்கியம் வேண்டும்.

நான் வங்கியில் குமாஸ்தா. ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி, சிறு கடன் மனுவைத் தள்ளினால்கூட முக்கியமான காரணத்தை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். மாடு வாங்கக் கடன் கேட்டு வருகிறவனுக்கு இந்தத் தேசம் தந்திருக்கிற மரியாதை இது. முப்பது வருஷம் உள்ளே இருந்தவனுக்கும், அவனால் பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கும் அந்த மரியாதை ஏன் இல்லை?

ஆகவே கேட்க வேண்டியது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. குழுமம் கைதியை எதிரே உட்காரவைத்துப் பேச வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். விட்டாலும் மறுத்தாலும், அந்த ஆளைப் பற்றிய காரணங்களை, அவன் தெருவைப் பற்றியோ ஜாதியைப் பற்றியோ அல்ல, எழுதி இரு தரப்புக்கும் கையில் கொடுக்க வேண்டும். இத்தனை நாளுக்குள் என்று கெடு வேண்டும், கவர்னருக்கும் வேண்டும். இங்கிலாந்திலும் பரோல் போர்டின் முடிவுகள் ரகசியமாகத்தான் இருந்தன. 2018இல் ஒரு வழக்கில் பெண்கள் கோர்ட்டுக்குப் போய் அந்த விதியை உடைத்தார்கள். இன்று முடிவின் சுருக்கத்தைக் கேட்டுப் பெறலாம். வானம் இடிந்து விழவில்லை.

காரணம் எழுத வேண்டியிருந்தால் அபத்தம் பாதியாகக் குறையும். எழுதத் தெரிந்த எவனுக்கும் இது தெரியும். மனசில் கனமாக இருந்தது காகிதத்தில் வந்ததும் எத்தனை தடவை பல்லிளித்திருக்கிறது! மீதிப் பாதியை வாசகர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வாசகர்கள் யார்? வக்கீல்கள் மட்டும் போதாது. பொய்யான வாக்கியத்தை மூக்கால் கண்டுபிடிக்கிறவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் நம்மிடையே முப்பது நாற்பது பேராவது இருக்கிறார்கள். அடுத்த முன்னுரையில் 'காஃப்காத்தனமான' என்று எழுதப் பேனாவைத் திறக்கிறவர், அதற்கு முன்னால் முன்விடுதலை மறுத்த அரசாணை ஒன்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துவிட்டு எழுதட்டும்.